இருபத்து மூன்றாவது கம்பம்

சந்தவாசல் பக்கமிருந்து வந்த லாரி ஆரணிக்குள் நுழையும்போது மணி மூன்றரை. நகராட்சிக் கிடங்கின் வாசலில் கிளமெண்ட் கையில் பட்டியலோடு நின்றிருந்தார். சாவடித் தெருவில் மக்கள் இருட்டில் தடுமாறாமல் நடக்க நடைபாதை போட்டு விளக்கு வைக்கும் திட்டம். அதற்கு வாங்கிய சாமான்கள்தான் லாரியில் வந்திருந்தன. இரும்புக் கம்பம் இருபத்திரண்டு, அதற்கு விளக்கு இருபத்திரண்டு, கம்பத்தின் அடியில் வயர்களை இணைக்கும் பெட்டி இருபத்திரண்டு, கேபிள் நான்கு சுருள், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழாயும் கம்பியும் தனிக் கட்டு. எல்லாவற்றையும் பார்த்து, சோதித்து, ‘சரியாக உள்ளது’ என்று கையெழுத்துப் போடவேண்டியவர் கிளமெண்ட்.

இருபத்திரண்டு வருஷ வயர்மேன் அவர். எதையும் லேசில் நம்பமாட்டார். கறிக்கடைக்குப் போனால் தராசைத் தூக்கி அடியில் பார்ப்பார். மனைவி வனிதா புதுக் குக்கர் வாங்கியபோது ஒரு வாரம் அதன் பக்கத்திலேயே நின்று காவல் காத்தார். கிடங்கில் அவருக்கு சி.பி.ஐ. என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கம்பங்களை இறக்கி எண்ணினார். இருபத்து மூன்று இருந்தது. திரும்ப எண்ணினார். அப்போதும் இருபத்து மூன்றுதான்.

குறைத்துக் கொடுக்கிற காண்ட்ராக்டர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கூடுதலாகக் கொடுக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறார். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. சாமான் அனுப்பிய காண்ட்ராக்டர் அருணகிரிக்குப் போன் போட்டார்.

“இன்னாப்பா கிளமெண்ட்டு, கம்மியா வந்தா கேளு, பதில் சொல்றேன். ஜாஸ்தி வந்தா நான் இன்னா பண்றது? நான் ஏத்துனது இருபத்திரண்டுதான்” என்றார் அருணகிரி.

லாரிச் சீட்டிலும் இருபத்திரண்டு என்றுதான் இருந்தது. கிளமெண்ட் குவியலைக் கலைக்கச் சொன்னார். எல்லாம் எண்கோணக் கம்பங்கள், புதுசு. அடியில் கிடந்த ஒன்று மட்டும் உருண்டை. மேலே பளபளவென்று வெள்ளிப் பூச்சு. தரையில் நட்டால் இடுப்பு உயரம் வரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு தேய்ந்து பள்ளமாகி இருந்தது.

அந்தப் பள்ளம் எதனால் வரும் என்று சாவடித் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே பட்டு நெய்கிறவர்கள் விடியற்காலையில் பாவைத் தெருவில் இழுத்துக் கட்டுவார்கள். ஒரு சேலைக்கு நீளவாட்டில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகள்தான் பாவு. வெயில் ஏறுவதற்குள் அதன்மேல் கஞ்சித் தண்ணீர் தெளித்துச் சிக்கெடுத்து முடிக்கவேண்டும். ஒரு முனையை மரக்கட்டையில் மாட்டி, மறுமுனையின் கயிற்றைத் தெருவிளக்குக் கம்பத்தில் இறுக்கிக் கட்டுவது வழக்கம். பல வருஷம் கயிறு உரசினால் இரும்பும் தேயும்.

குனிந்து மோந்து பார்த்தார். புளித்த கஞ்சியின் வாடை.

சாவியால் பூச்சைச் சுரண்டினார். கறுப்பு மையில் பழைய எண் தெரிந்தது. பதினொன்று.

அந்தக் கம்பத்தை அவருக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் அதைப் பிடுங்கி, அவர் கண்ணெதிரில் கேஸ் கட்டரால் மூன்று துண்டாக வெட்டி, பழைய இரும்புக்குப் போட்டார்கள். வெட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டதே அவர்தான். இப்போது விரலால் நெடுகத் தடவிப் பார்த்தார். ஒட்டிய தடம் எங்கேயும் இல்லை.

அவருக்கு முதலில் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. யாரோ வேண்டுமென்றே இதை அனுப்பியிருக்கிறார்கள். யாருக்கோ தெரிந்திருக்கிறது.

தெரியக்கூடாத விஷயம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன் அந்தத் தெருவுக்கு வந்த எர்த் கம்பிகளைப் பொருத்தியாகிவிட்டது என்று கிளமெண்ட் கையெழுத்துப் போட்டார். தெருவுக்கே போகவில்லை. வெயில் அதிகம் என்று கிடங்கிலேயே டீ குடித்துக்கொண்டு போட்ட கையெழுத்து. இரண்டு நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கெங்கம்மாள் என்ற நெசவுக்காரப் பெண் அவரை நிறுத்தி, தம்பி, இதில் கயிறு கட்டலாமா என்று கேட்டாள். கட்டுக்கங்க, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மறுநாள் விடியற்காலை, கஞ்சியில் நனைந்த கயிற்றைப் பதினோராவது கம்பத்தில் கட்டிய கெங்கம்மாளை மின்சாரம் பிடித்துக்கொண்டது; அங்கேயே செத்தாள். விசாரணையில் மழை, இடி என்று எழுதினார்கள். கிளமெண்ட் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமைதோறும் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து பாவங்களை ஒப்புக்கொள்கிற மனிதர், சாமியாரிடம்கூட இதை மட்டும் சொன்னதில்லை. தராசை அடியில் பார்க்கும் புத்தி அதற்குப் பிறகு வந்ததுதான்.

அருணகிரி மோப்பம் பிடித்துவிட்டாரோ? கம்பத்தைக் காட்டி மிரட்டி, மட்டமான சாமானுக்குக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறாரோ? அன்று சாயங்காலம் பொறியாளர் ஜெயவதி மேடம், அந்தத் தெருவில் முன்னே ஏதோ விபத்து நடந்ததாமே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கிளமெண்ட் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் வனிதா சாப்பாடு போடும்போது, ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். அவளையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

பழைய கம்பத்தின்மேல் சிவப்புப் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டுத் தனியாக ஒதுக்கிவைத்தார். மறுநாள் காலை ஆட்கள் வந்து இருபத்திரண்டு கம்பங்களைத் தெருவுக்கு ஏற்றிப் போனார்கள். கிளமெண்ட் கிடங்குக்கு வந்தபோது மிச்சம் ஒன்று கிடந்தது. அது எண்கோணம், புதுசு. சிவப்புக் குறி போட்டது இல்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு சாவடித் தெருவுக்குப் பறந்தார். பதினோராவது குழிக்குப் பக்கத்தில் உருண்டைக் கம்பம் படுத்திருந்தது. சிவப்புக் குறியைக் காணோம். இதை யார் ஏற்றியது என்று கேட்டார். எல்லாம் எண்கோணம்தான் ஏற்றினோம், எண்ணித்தான் ஏற்றினோம் என்று சாதித்தார்கள். அவர்கள் முகத்தில் பொய் தெரியவில்லை. அது அவரை இன்னும் கலக்கியது.

அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கிடங்கின் பின்னாலிருந்த தகர அறையில் போட்டு, சங்கிலி கட்டி, சொந்தப் பூட்டால் பூட்டினார். சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். பதினோராவது குழியில் புதுக் கம்பம் ஏறியது.

மூன்று நாளில் வேலை முடிந்தது. பகல் பதினொரு மணிக்கு மின்சாரம் கொடுத்து, டெஸ்டரும் மீட்டருமாக ஒவ்வொரு கம்பத்தையும் கிளமெண்ட் சோதித்தார். எந்தக் கம்பத்திலும் கசிவு இல்லை. இந்த முறை எர்த் கம்பி போட்டிருக்கிறார்களா என்று மண்ணைத் தோண்டியே பார்த்தார். இருந்தது.

சோதனை நடக்கும்போது பதினோராவது கம்பத்துக்கு எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து கம்பத்தைப் புறங்கையால் தொட்டாள். உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் கை உதறி விலகிவிடும். வயர்மேன்களின் பழக்கம் அது. இந்தத் தெருவில் இப்போது எல்லோருமே அப்படித்தான் தொடுகிறார்கள் என்று அவள் சொன்னாள். பெயர் அன்புச்செல்வி, வயது இருபத்து மூன்று. கெங்கம்மாளின் மகள் என்று அவள் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. அம்மாவின் முகம் அப்படியே இருந்தது.

“திங்கக்கெழம பாவு இழுக்கணும் சார். இதுல கயிறு கட்டலாமா?”

கிளமெண்ட் மீட்டரை இன்னொரு முறை பார்த்தார். முள் அசையவில்லை.

“கட்டிக்கோம்மா, ஒண்ணும் ஆகாது” என்றார். சொன்ன பிறகுதான் அது எட்டு வருஷத்துக்கு முன் சொன்ன அதே பேச்சு என்று உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெள்ளோட்டம். ஆறரை மணிக்குத் தெருக்கோடிப் பெட்டியில் சுவிட்சைப் போட்டார். மார்கழி மாதம், சீக்கிரமே இருட்டியிருந்தது. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. வெளிச்சத்தில் நடைபாதையின் புதுக் கல் ஈரமாகத் தெரிந்தது. வீடுகளுக்குள் தறிச் சத்தம் ஓய்ந்துகொண்டிருந்தது.

பதினோராவது மட்டும் எரியவில்லை.

அருகில் போய் அண்ணாந்து பார்த்தார். இருட்டாக இருந்தது. பல்பு போய்விட்டதா என்று ஏணி எடுத்துவரத் திரும்பினார். பத்தடி நடந்ததும் அவர் நிழல் முன்னால் நீண்டு விழுந்தது. பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிட்டே போனார். அணைந்தது.

விளக்கை மாற்றினார். மாற்றியதும் அப்படியே செய்தது.

அருணகிரியின் சாமான் லட்சணம் என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பத்தடியில் குந்தி, இணைப்புப் பெட்டியைத் திறக்கப் போனார். தறிச் சத்தம் முழுக்க நின்றிருந்தது. புளித்த கஞ்சி வாடை மெல்ல வந்தது. எங்கோ கயிறு இழுபட்டு முறுகும் ஓசை.

அது எங்கோ இல்லை. அவர் தலைக்கு மேலே.

“தம்பி.”

கிளமெண்ட் நிமிரவில்லை. நிமிர அவருக்குத் தைரியம் இல்லை.

“கட்டலாமா?”

காதோரம், மூச்சோடு கேட்டது. யாரோ மறைந்து நின்று செல்போனில் போட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தால்தான் எழுந்து நிற்க முடிந்தது. சுற்றிலும் பார்த்தார். தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒரு கதவு திறந்திருக்கவில்லை. பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலை பத்து மணிக்கு ஜெயவதி மேடத்திடம் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுக்கவேண்டும். மீட்டர் சரி என்கிறது, எர்த் இருக்கிறது. பிறகு என்ன? அருணகிரி விளையாடுகிறாரா, தெருக்காரர்கள் பழிவாங்குகிறார்களா என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். நாலரை மணிக்கு வேறொன்று தோன்றியது. தான் சோதித்தது பகல் பதினொரு மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், காய்ந்த கம்பத்தில். அந்தத் தெரு கம்பத்தைத் தொடுவது விடியற்காலையில், பனியில், கஞ்சி சொட்டும் கயிற்றோடு.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

சாவடித் தெருவில் பனி இறங்கி விளக்குகளைச் சுற்றி மஞ்சளாக நின்றது. பாவு ஏற்கெனவே இழுத்தாகியிருந்தது. அறுபதடி நீளத்துக்கு அரக்குச் சிவப்புப் பட்டு, விறைப்பாக. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள். பதினோராவது விளக்கு அணைந்து, அந்த முனை முழுக்க இருட்டாக இருந்தது. அன்புச்செல்வி நடுவில் நின்றாள், உயிரோடு.

கம்பத்தில் யார் கட்டியது என்று கிளமெண்ட் கேட்டார்.

“நான் கட்டல சார்” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “கயித்த எடுத்துகினு போனேன். யாரோ கையிலேருந்து வாங்கிகினாங்க. இருட்டுல மூஞ்சி தெரில. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

கிளமெண்ட் கயிற்றின் ஓரமாகவே நடந்தார். வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கியது. கயிறு விண்ணென்று இருந்தது. அதன் நுனி கம்பத்தைத் தொடவில்லை.

ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, உள்ளங்கையில் சுற்றிப் பிடித்த மாதிரி. சுற்றுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. கனமான ஈரப் பாவு மொத்தமும் அந்த ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு நின்றது. கயிறு லேசாக நடுங்கியது. ரொம்ப நேரம் பிடித்திருக்கிற கை நடுங்குவதுபோல.

கிளமெண்ட் டெஸ்டரை எடுத்துக் கம்பத்தில் வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது.

அவர் ஓடிய ஓட்டம் அவருக்கே நினைவில்லை. தெருக்கோடிப் பெட்டியில் சுவிட்சை இழுத்தார். தெரு முழுக்க இருண்டது. அடுத்த நொடி, பின்னால் பாவு மொத்தமாகத் தரையில் சரிந்து விழும் ஈரச் சத்தம் கேட்டது. மின்சாரம் நிற்கும்வரை பிடித்திருந்த கை, நின்றதும் விட்டுவிட்டது.

வெளிச்சம் வந்த பிறகு இணைப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வயர்களைத் தாங்கும் பிளாஸ்டிக் மட்டமான சரக்கு, பனி ஈரத்தை உறிஞ்சி ஊறியிருந்தது. எர்த் கம்பியும் வெறும் இரும்பு, வெள்ளிப் பூச்சு அடித்து ஏமாற்றியது; மின்சாரத்தை அது மண்ணுக்குள் இறக்கவில்லை. வெயிலில் எல்லாம் யோக்கியமாகத்தான் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் ஜெயவதி மேடம் அங்கேயே நின்று அருணகிரியைப் போனில் பிடித்தார். இருபத்திரண்டு பெட்டியும் எர்த் கம்பியும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார். சும்மா பேஜார் பண்றாங்க என்று அருணகிரி புலம்பிக்கொண்டே புதுச் சாமான் அனுப்பினார்.

கிளமெண்ட் கிடங்குக்குப் போய்த் தகர அறையைத் திறந்தார். பூட்டு அவர் பூட்டியபடியே இருந்தது. சங்கிலியும் அப்படியே. உள்ளே கம்பம் இல்லை. இந்த முறை அவர் யாரையும் சந்தேகப்படவில்லை.

பெட்டிகளை மாற்றும்போது ஒரு வேளை சாப்பாட்டுக்குப் போனதைத் தவிர அவர் தெருவை விட்டு நகரவில்லை. அடுத்த திங்கட்கிழமை, ஐந்து மணிக்கே ஒரு வாளிக் கஞ்சித் தண்ணீரோடு வந்து, ஒவ்வொரு கம்பத்தின்மேலும் ஊற்றி, டெஸ்டர் வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் எரியவில்லை. பதினோராவது விளக்கு இப்போது நல்ல பிள்ளையாக எரிந்தது. சட்டைப் பையில் தாள் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

கம்பத்தடியில் அன்புச்செல்வி கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் இன்னும் வரவில்லை. அவர் தாளை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். எழுத வரவில்லை. எட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் இன்னொரு கையெழுத்துப் போட அவருக்கு மனம் ஒப்பவில்லை.

சொன்னார். டீ குடித்துக்கொண்டு போட்ட கையெழுத்தை, வண்டியிலிருந்தே சொன்ன பதிலை, விசாரணையில் வாய் திறக்காததை, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். அவள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, நேராக்கி, மடித்தாள்.

“எனக்குத் தெரியும் சார்” என்றாள். “அம்மா சொன்னாங்க.”

அவருக்குப் புரியவில்லை. கெங்கம்மாள் செத்து எட்டு வருஷம் ஆகிறதே. எப்போது சொன்னார்கள் என்று கேட்டார்.

“இப்பத்தான். இந்தக் கயித்த எடுத்துக் குடுக்கும்போது.” அவள் முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. “உங்களக் கையெழுத்து போட வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. மூணாவதும் பத்தொம்பதாவதும் மாத்தலயாம்.”

கிளமெண்ட் இரண்டையும் சற்று முன்தான் சோதித்திருந்தார். ஆனாலும் மூன்றாவது கம்பத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஏமாற்றியிருக்கிறார்கள்; மேலே மட்டும் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே பழைய பிளாஸ்டிக், இப்போதுதான் பனியில் ஊற ஆரம்பித்திருந்தது. டெஸ்டரை வைத்தார். மங்கலாக எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரகாசமானது.

அணைக்கவேண்டிய சுவிட்ச் தெருவின் மறுகோடியில், பத்தொன்பதாவது கம்பத்தையும் தாண்டி இருந்தது. அதை நோக்கி ஓடினார். தூரத்தில் பால்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, கேன்களோடு அந்தப் பத்தொன்பதாவது கம்பத்தில் சாய்க்கப் போனார். கத்த வாயெடுத்தார் கிளமெண்ட், சத்தம் வரவில்லை.

பத்தொன்பதாவது விளக்கு அணைந்தது.

பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். கம்பத்துக்குப் பக்கத்து இருட்டைப் பார்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

“சரிம்மா” என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் சாய்த்தார்.